கடைசி ஆள் வரும்வரை

வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, பிறகு அது குடைகிறது குடைகிறது என்று புலம்புகிறவர் எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். பாடாங் செராயில் அந்த ஆள் புவனேசன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் ஊர் சைக்கிளோட்டத்தை, அது தொடங்கிய நாளிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறவன் அவன்தான். அதை அவன் தலையில் கட்டியது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் கட்டவில்லை என்பதுதான் உண்மை.

இந்த வருஷத்தோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். அதை மனைவி வாசுகியிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"சாப்பாடு முடிஞ்சதும் மைக்க புடிச்சு சொல்லிடப் போறேன். இனிமே நம்மால ஆவாது லா."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வருஷம் வாய் சொல்லுச்சு. இந்த வருஷம் முட்டி சொல்லுது."

அவன் முட்டியைப் பற்றி வாசுகிக்கும் தெரியும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நிற்கிற நிற்பை அவள்தானே பார்க்கிறாள்.

அந்த ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. விடியும்போது தமிழ்ப்பள்ளித் திடலில் கூடுவார்கள். தோட்டத்துச் சாலைகள் வழியாகப் போய், சுங்கை பட்டாணியை ஒட்டிக்கொண்டு செமிலிங் வரை மிதித்துவிட்டு, திகாம் பத்து வழியாகத் திரும்பி வருவார்கள். பந்தயம் கிடையாது, முதல் பரிசும் கிடையாது. வழியில் வாழைப்பழமும் அவித்த கடலையும் கொடுப்பார்கள். முடிந்ததும் பள்ளி மண்டபத்தில் கோழிக்கறிச் சோறு. ஆரம்பத்தில் திடல் நிறைய ஆள் வந்தது. பிறகு டவுன்களில் பெரிய பெரிய ஓட்டங்கள் வந்துவிட்டன. அங்கே கழுத்தில் மெடல் போடுகிறான், சட்டை தருகிறான், தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறான், குலுக்கலில் ஐஸ் பெட்டி விழுகிறது. அவித்த கடலைக்கு யார் வருவார்கள்? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

ஊருக்கென்று ஒரே ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் சாப்பிடக்கூடாது. வெளியூர்க்காரர்கள் இதை ஏதோ உயர்ந்த கொள்கை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கொள்கையும் இல்லை. முதல் வருஷம் சோறு வேகவில்லை. அடுப்பில் கேஸ் தீர்ந்துபோய், வேகமாய் மிதித்து வந்தவர்கள் எல்லாம் காலி மேசையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தபோது, மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று புவனேசன் மைக்கில் அள்ளிவிட்டான்: "கடைசி ஆளு வந்தாத்தான் சாப்பாடு. அதுதான் நம்ம வழக்கம்!" பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத வழக்கம். ஆனால் அன்றைக்குக் கடைசியாக வந்த பெண்பிள்ளை, தனக்காக மண்டபமே காத்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே அழுதுவிட்டாள். அதன்பிறகு அந்தப் பொய்யை விட முடியாமல் போய்விட்டது.

அதற்கும் இந்த வருஷம் முடிவு வந்தது. ஊர் சைக்கிள் சங்கத்தின் பொருளாளர் அட்ரியன் கூட்டத்தில் எழுந்து கேட்டான். நல்ல பிள்ளைதான். ஒரு கையால் தூக்கக்கூடிய கார்பன் சைக்கிள் வைத்திருக்கிறான்.

"அண்ணே, முதல்ல வர்றவன் பசியோட பாதி நாளு உக்காந்திருக்கான். இந்தக் காலத்துல யாரு காத்திருப்பா? சோத்த பங்குஸ் பண்ணி வச்சிடுவோம். வர வர எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருக்கட்டும். இது நம்ம பழக்கம்னு சொல்லிச் சொல்லியே ஆள விரட்டுறோம்."

மற்ற நாளாக இருந்தால் புவனேசன் சண்டைக்குப் போயிருப்பான். அன்றைக்கு இரவு ஷிப்ட் பார்த்த கண் எரிந்தது. "சரி லா தம்பி, பொட்டலமாவே கட்டிடு" என்று சொல்லிவிட்டான். விடப்போகிற வண்டிக்கு எதற்குப் புது டயர் என்ற நினைப்பு.

ஞாயிறு காலை ஷிப்டிலிருந்து நேராகத் திடலுக்கு வந்தான். முகம் கழுவக் குனிந்த இடத்தில், பின்னால் சுங்கை பட்டாணிப் பையன்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"இங்க மெடல் இல்லியாம்டா."

"அப்புறம் எதுக்கு ஓட்டுறோம்?"

"தெரியல. வந்துட்டோம்ல, ஓட்டுவோம்."

திரும்பிப் பதில் சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்தான். ஒரு பதிலும் வரவில்லை. இத்தனை வருஷம் நடத்திய ஆளுக்கே வரவில்லை என்றால் அந்தப் பையன்களை என்ன சொல்வது? கோபம் வந்தது, அவர்கள்மேல் இல்லை, தன்மேல்தான்.

அவனுடைய இடம் எப்போதும் வரிசையின் வால். பஞ்சர் ஒட்ட வேண்டும், செயின் மாட்ட வேண்டும், மூச்சு வாங்குகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் புவனேசன் வருவான். ஆனால் கடைசி ஆள் என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. கோயில் தேருக்குப் பின்னால் தீப்பந்தம் பிடித்து நடக்கிறவனைத் திருவிழாவில் யார் கவனிக்கிறார்கள்?

இந்த வருஷம் கடைசி ஆள் அய்யாவு. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயிறு சைக்கிள் ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னாராம், இவர் மிதிக்க வந்துவிட்டார். செமிலிங் போய்த் திரும்பும்வரை வாய் ஓயவில்லை. திகாம் பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாய் நின்றது. புவனேசன் நிமிர்ந்து பார்த்தபோது மனிதர் சாலை ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, காலு உள்ளுக்குள்ள முறுக்குதுப்பா."

புவனேசன் முட்டி போட்டு அவர் காலை நீவிவிட்டான். நீவும்போது தன் முட்டி கத்தியது. உதவி வேனை ஓட்டிய காளிதாசன் வந்து சேர்ந்ததும், அய்யாவுவையும் அவர் சைக்கிளையும் ஏற்றினார்கள்.

"நீங்களும் ஏறிக்குங்க அண்ணே, வெயில் ஏறிடுச்சு."

"நீ போ. நான் பின்னாடியே வந்துர்றேன்னு சொல்லு."

ஏறியிருக்கலாம். ஏறினால் அய்யாவு மறுபடி பேசுவார். காலையிலிருந்து போன் வேறு ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே, வழி எங்கே, டாய்லெட் எங்கே என்று கேட்காதவன் இல்லை. வேன் மறைந்ததும் போனை எடுத்துச் சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டான். அந்த அமைதி காதுக்குள் இனித்தது. தனக்கு யாரும் வேண்டாம் என்று அவன் அப்போது மனதார நினைத்தான்.

மிதித்தான். சாலை ஓரத்தில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை. கல்லில் ரொட்டி சானாய் புரட்டுகிற வாசனை வந்து முகத்தில் அடித்தது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், அவனுக்குப் பறக்க மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அங்கே மண்டபத்தில் எல்லாரும் பொட்டலத்தை வாங்கித் தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். மிஞ்சினால் வாசுகியும் துடைப்பமும்தான் இருப்பார்கள். சைக்கிளைக் கடைக்குப் பின்னால் நிழலில் சாய்த்துவிட்டு உள்ளே போனான்.

"ரெண்டு ரொட்டி அண்ணே. சாலன் ஊத்தி அடிங்க. தே தாரிக் ஒண்ணு."

இரண்டு நான்கானது. ஆட்டுக்கறிச் சாலனில் ஊறவைத்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். அவ்வளவு ருசியாக அவன் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. டீயைக் குடித்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று சுவரில் தலையைச் சாய்த்தான். மேலே விசிறி சுற்றியது. இரவு முழுக்க விழித்திருந்த கண் யாரைக் கேட்கும்? கடைக்காரர் வந்து தோளைத் தொட்டபோது நிழல் எல்லாம் இடம் மாறியிருந்தது. மத்தியானம் நன்றாகச் சாய்ந்துவிட்டது.

"பெனாட்டா அண்ணே? குறட்ட ரோட்டுக்குக் கேக்குது."

களைப்புத்தான் என்று தலையாட்டிவிட்டு எழுந்தான். மிச்ச வழியை மெதுவாகவே மிதித்தான். வாசுகியைத் தனியாகப் பெருக்கவிட்டுவிட்டோமே என்று மட்டும் உறுத்தியது. மைக்கில் சொல்ல வேண்டியதை இனி யாரிடம் சொல்வது, வாட்சப்பில் போட்டுவிடலாம், அதுவும் நல்லதுதான், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இப்படி ஒவ்வொன்றாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டே பள்ளி வாசலில் திரும்பினான்.

திடல் நிறையச் சைக்கிள்கள் நின்றன.

காலையில் எப்படி நின்றனவோ அப்படியே, ஒன்றும் குறையாமல். வாசலில் அட்ரியன் இடுப்பில் கை வைத்து நின்றான். அவன் முகம் சிவந்திருந்தது.

"எங்கண்ணே போனீங்க? போன் அடிச்சு அடிச்சு எங்க கையே போச்சு. வேனை ரெண்டாவது வாட்டி அனுப்பினோம். ரோட்டுல எங்கயும் காணோம். ஏதாச்சும் லாரி கீரி..." அவனால் முடிக்க முடியவில்லை. "சொல்லிட்டுப் போகக் கூடாதா? ஆளக் கொன்னுட்டீங்க அண்ணே."

"என்னப்பா, எல்லாரும் இன்னும் போவலியா? பொட்டலம் குடுக்கலியா நீ?"

"குடுத்தேன். ஒருத்தன் பிரிக்கல."

"ஏன்?"

"'புவனேசன் அண்ணன் இன்னும் வரலியே'ன்னாங்க. அந்தப் பழக்கத்த எடுத்தாச்சுன்னு மைக்குல சொன்னேன். என்னைய மொறைக்கிறாங்க. நானே திங்கல, போங்க!"

புவனேசன் மண்டபத்துக்குள் போனான். நீள நீளமான மேசைகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பொட்டலம், கட்டிய ரப்பர் வளையம் கழற்றாமல் இருந்தது. அவன் தலையைக் கண்டதும் ஒரு சத்தம் எழுந்தது. கைதட்டல் பாதி, திட்டல் பாதி. "வந்துட்டாருடா மாப்பிள்ளை!" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த நொடி மண்டபம் முழுக்க ரப்பர் வளையம் அறுபடுகிற சத்தம்தான். ஆறிப்போன சோற்றை அப்படி அள்ளித் தின்றார்கள்.

அவனைப் பிடித்து அய்யாவு பக்கத்தில் உட்காரவைத்தார்கள். முன்னால் ஒரு பொட்டலம் வந்தது. வயிற்றில் நான்கு ரொட்டி கனத்துக் கிடந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது, வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கத்தை அவன் பட்டதில்லை. இத்தனை பேர் பசியைக் கட்டிப்போட்டுவிட்டு நான் குறட்டை விட்டேனே என்று உள்ளே ஒரு குரல் காறித் துப்பியது. அதே நேரத்தில், எத்தனையோ வருஷமாக மற்றவர்களுக்காகத் தான் காத்திருக்கவைத்த மண்டபம் இன்றைக்குத் தனக்காகக் காத்திருந்தது என்பதும் மெல்ல மெல்ல உறைத்தது. ஒரு பிடி சோற்றை எடுத்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் கை சுத்தமாக இல்லை.

அய்யாவு பார்த்துவிட்டார்.

"அட பாவமே, பசி கண்ணுல தண்ணியா வருது பாரு. வாசுகி, தம்பிக்கு இன்னொரு கறித்துண்டு வையும்மா!"

வாசுகி கறியைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் மறுக்கவில்லை. மறுக்க அவனுக்கு என்ன யோக்கியதை? ஒவ்வொரு பிடியாக உள்ளே தள்ளினான்.

எதிர்வரிசையில் காலையில் பேசிய அந்த இரண்டு பையன்களும் இருந்தார்கள். ஒருவன் மற்றவன் பொட்டலத்திலிருந்து எலும்பைத் திருடிக்கொண்டிருந்தான். மெடல் பேச்சைக் காணோம்.

"அண்ணே," வாயில் சோற்றோடு அட்ரியன் கூப்பிட்டான். கோபம் ஆறியிருந்தது. "சாப்புட்டதும் என்னமோ பேசணும்னீங்களாமே, வாசுகி அக்கா சொன்னாங்க. மைக்கு ரெடி."

புவனேசன் எழுந்தான். முட்டி வலித்தது, இடுப்பு வலித்தது, நாளைக்கு மறுபடி ஷிப்ட் இருந்தது. அதில் எதுவும் மாறிவிடவில்லை. மைக்கை வாங்கினான். வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். எல்லாரும் மென்றுகொண்டே அவனைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வேறு ஒன்று வந்தது.

"அடுத்த வருஷம் திகாம் பத்து வழியா வர வேணாம் லா. அந்த ரோட்டுல சாப்பாட்டுக் கட ஜாஸ்தி."

ஒன்றும் புரியாமலே எல்லாரும் சிரித்தார்கள். வாசுகி மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் வயிற்றைப் பார்த்தாள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும், பாதி தின்ற பொட்டலத்தை அவன் கைக்கு அடியிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போதும், விடுங்க," என்றாள் மெதுவாக.

அதிலேயே கை வைத்து, வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.