மருமகனின் சாமான்

என் மருமகன் இன்பாஸ் வீட்டை விட்டுப் போன அன்று அவனுடைய சாமான்களைக் கட்டியது நான்தான். வேறு யார் கட்டுவது? கட்ட வேண்டியவள், என் மூத்த மகள் றுமானா, போன வருஷம் டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி மூதூர் மையவாடியில் கிடக்கிறாள்.

கட்டினேன் என்று சொல்லும் அளவுக்கு அங்கே வேலையும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். கட்டில், அலுமாரி, கதிரை, குசினிச் சட்டி பானை எல்லாம் வீட்டோடு இருப்பவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இன்பாஸ் கிண்ணியாவிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். போகும்போது அதே பெட்டியோடு இரண்டு சாக்கும், வள்ளத்து இஞ்சின் திருத்துகிற ஆயுதங்கள் கிடக்கும் தகரப் பெட்டி ஒன்றும். இறங்குதுறைக் கொட்டிலில் அவனுக்கு அதுதான் தொழில். குசினியில் ஓடுகிற ஃபிரிட்ஜ் அவன் வாங்கியது. வீட்டு முன் சாலையில், விருந்தாளிகள் இருக்கும் அறையில், சுற்றுகிற ஃபேன் அவன் வாங்கியது. அதையெல்லாம் திரும்பியும் பார்க்கவில்லை. அதுகூட எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஹோட்டலில் தங்கிவிட்டுப் போகிறவன் மாதிரி என்ன போக்கு இது!

அவன் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. அதை ஒளிக்க என்ன இருக்கிறது? என் மனுசன் காலமான பிறகு இந்த வீட்டில் கேட்ட ஒரே ஆண் குரல் அவனுடையதுதான். கிணற்று மோட்டர் நின்றால் அவன். கூரையில் ஓடு விலகினால் அவன். எனக்குப் பிரஷர் ஏறிய அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அவன். நான் பெற்றது இரண்டும் பெண். பெறாமல் கிடைத்த மகன் இவன் என்று வாய் நிறையச் சொல்லித் திரிந்தவள் நான்.

ஆனால் சும்மா இருந்துவிட முடியாதே. றுமானா உயிரோடு இருக்கும் வரைக்கும் அவள் தங்கச்சியை அவன் கலியாணம் முடிக்க மார்க்கத்தில் ஏலாது. அதனால் இளையவள் றிஷானாவும் அவனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததை யாரும் ஒரு கதையாக எடுக்கவில்லை. மூத்தவள் போனதும் இளையவள் அவன் முடிக்கக் கூடிய பெண்ணாகிவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவன் இந்த வீட்டில் அந்நியன். முதலில் விறாந்தையில் படுத்தான். பிறகு கொட்டிலுக்குப் போய்ப் படுத்தான். சாப்பிட மட்டும் வந்தான். அதற்கும் தெருவில் வாய்கள் திறந்தன. ஒன்று அவன் றிஷானாவை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் போக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

நான் றிஷானாவிடம் கேட்டேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள், பேசவில்லை. குமர்ப்பிள்ளை பேசாமல் இருந்தால் அது சம்மதம், எங்கள் வழக்கம் அது. என் உம்மா என்னிடம் கேட்டபோது நானும் குனிந்தேன். நான் றுமானாவிடம் கேட்டபோது அவளும் குனிந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கே இன்பாஸுக்குச் சோறு போடும்போது விஷயத்தைச் சொன்னேன். அவன் பிசைந்த கை அப்படியே நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

அடுத்த கிழமை வந்து, தனக்கு விருப்பமில்லை, உம்மாவிடம் கிண்ணியாவுக்கே போகிறேன் என்றான். காரணம் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் பிள்ளைக்கு என்ன குறை, கண்ணில்லையா காலில்லையா என்று கேட்டேன். அதற்கும் நிலம்தான். எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொன்னேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். என் குரல் இறங்குதுறை வரைக்கும் கேட்கும் என்று என் மனுசன் சொல்வார். அன்று தெரு முழுக்கக் கேட்டது. அதிலிருந்து அவனோடு கதையை நிறுத்தினேன். சோற்றுக் கோப்பையை மேசையில் வைப்பேன், உள்ளே போய்விடுவேன்.

கட்டத் தொடங்கிய அன்று காலையில் எனக்குக் கோபமும் தீர்ந்திருந்தது. மிச்சம் எதுவுமே இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் கிடக்குமே, முழு உடம்பும் அப்படிக் கிடந்தது. லொறி கூட்டிவர அவன் போயிருந்தான். நான் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து அவன் பக்கத்துத் தட்டைக் காலி பண்ணினேன். சாரம், சேட்டு, தொப்பி, எண்ணெய்க் கறை போகாத வேலைக் காற்சட்டை. எடுத்தேன், சாக்குக்குள் திணித்தேன். மடிக்கவில்லை. றுமானாவின் உடுப்புகள் பக்கத்துத் தட்டில் கிடந்தன. அதைப் பார்த்தும் அழுகை வரவில்லை. அழுகை வராததைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை.

கலியாணத்தன்று அவன் போட்டிருந்த வெள்ளைச் சேட்டு அடியில் இருந்தது. அதையும் சுருட்டித் திணித்தேன். வாய் மட்டும் தன் பாட்டில் ஓடியது. ஆறு வருஷம் திண்ட சோறு மறந்துபோச்சு, மூத்தவள் கண்ணை மூட இளையவள் கண்ணுக்குப் பிடிக்கவில்லையாம், இவருக்கு ராசகுமாரி வருவாள் கிண்ணியாவில், நன்றி கெட்டவன் என்று ஒரு பாட்டம் ஏசினேன். அதிலும் சூடு இல்லை. வழக்கத்துக்கு ஏசினேன்.

றிஷானா வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"உம்மா, அவர ஏசாதீங்க. நான்தான் அவரிட்ட மாட்டன் எண்டு சொல்லச் சொன்னனான்."

என் கையில் சாக்கு வாய் இருந்தது. அதை விடவில்லை.

அவள் சொன்னாள். நான் கேட்ட அன்று அவளுக்கு நாக்கு எழும்பவில்லையாம். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டது மறுநாள்தான் தெரிந்ததாம். பிறகு அவனுக்கே ஃபோன் எடுத்து, மச்சான், நான் உங்களைக் கூடப்பிறந்த காக்கா மாதிரித்தான் பார்த்து வளர்ந்தேன், என்னால் ஏலாது, உம்மாவிடம் நீங்களே மாட்டன் என்று சொல்லிவிடுங்கள் என்று அழுதாளாம். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். சரி புள்ள, நான் பாத்துக்கொள்றன் என்று ஃபோனை வைத்தானாம்.

"என்னிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றேன். "கேட்டேன்தானே. பேசாமக் குனிஞ்சு நிண்டாயே."

"பேசாமத்தான் நிண்டனான். நீங்க ரெண்டாந்தரம் கேக்கல்லையே உம்மா."

இது எனக்கு ஆத்திரம் வர வேண்டிய இடம். அவளுக்கு ஓர் அறை விழுந்திருக்க வேண்டிய இடம். ஒன்றும் வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவன் இதே வாசலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும், நான் அவன் தாயையும் சேர்த்து இழுத்துப் பேசியதும் நினைவுக்கு வந்தன. பேசியதெல்லாம் அவன் கேட்டுக்கொண்டு நின்றான். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவன் சொல்லியிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும்.

றிஷானாவைப் போய் உலையை வைக்கச் சொன்னேன். சாக்கைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். ஒவ்வொன்றாக மடித்தேன். வெள்ளைச் சேட்டை உதறி, கொலரை நிமிர்த்தி, பெட்டிக்குள் மேலாக வைத்தேன். பிறகு குசினிக்குப் போய் ஒரு போத்தல் மாசிச் சம்பலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து சாரங்களுக்கு நடுவில் வைத்தேன். வீட்டுத் தலையணையில் ஒன்றையும் சாக்குக்குள் போட்டேன். வீட்டோடு இருக்க வேண்டிய சாமான் அது. இருக்கட்டும்.

லொறி வந்தது. ஓட்டி வந்தவன் இன்பாஸோடு கொட்டிலில் வேலை செய்கிற அர்ஷாக். அவன் வெளியே நிற்க, இன்பாஸ் மட்டும் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தகரப் பெட்டியைத் தூக்கினான்.

"சாப்பிட்டுட்டுப் போங்க மகன்" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். இத்தனை நாளைக்குப் பிறகு நான் அவனை மகன் என்று கூப்பிட்டது அப்போதுதான். றிஷானா சொல்லிவிட்டாள் என்றேன். அவன் பெட்டியைக் கீழே வைத்தான். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"வேற ஆரின்ட காதிலயும் விழுந்ததா மாமி?"

இல்லை என்றேன். நான் சொன்னதையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டான். தெருவுக்கு உண்மையைச் சொல்கிறேன் என்றேன். இந்தத் தெருவில் ஒருத்தரும் உங்களைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது, நான் வாசலில் நின்றே சொல்கிறேன் என்றேன். எனக்கு அது ஏலும். என் வாய்க்கு அது ஒரு வேலையே இல்லை.

"சொல்லப்படாது" என்றான். குரல் தாழ்ந்துதான் வந்தது. "றிஷானா மாட்டன் எண்டு சொன்னதெண்டா, ஏன் எண்டு கேப்பாங்க. மனசில ஆரையோ வச்சிருக்கிறா எண்டு கதை கட்டுவாங்க. பிறகு அவக்கு ஒரு இடம் வராது. நான் ஆம்பிள மாமி. கொஞ்ச நாளைக்கு ஏசுவாங்க, விட்டிருவாங்க."

"என்னையும் ஏசச் சொல்றீங்களா?"

"ஓம்" என்றான். "நீங்க ஏசாட்டிச் சந்தேகப்படுவாங்க."

சாப்பிடவில்லை. நேரம் போகிறது என்றான். உண்மையில் றிஷானா குசினியில் இருந்ததால்தான் அந்தப் பக்கம் வரவில்லை. சாக்குகளை ஏற்றினான். பெட்டியை நானே வாசல் வரை தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஓடிவந்து வாங்கினான்.

தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டு அசனா. எனக்கு நல்லவள்தான். றுமானாவின் மௌத்தின்போது எங்களுக்கு மூன்று நேரமும் சமைத்துப் போட்டவள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவன் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"மனச விட்டுராதகா. ஆறு வருஷம் உன்ட கையால திண்டவன், ஒரு கொமருக்கு வாழ்வு குடுக்க மனசில்லாதவன். இவனெல்லாம் ஒரு மனிசனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு சொல்லுக்கு நாலு சொல் திருப்பிக் கொடுப்பவள் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியும். இன்பாஸ் லொறியின் பின்பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே குசினியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் நின்றது.

"ஓம் அசனா" என்றேன். "மகன் எண்டு நம்பி ஏமாந்துபோனன். ஈவிரக்கம் இல்லாதவன்."

சத்தமாகத்தான் சொன்னேன். தெருக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். இன்பாஸ் தலையை ஒருமுறை ஆட்டினான். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு அர்ஷாக்குக்குப் பக்கத்தில் ஏறி இருந்தான்.