பிஸ்தா தூவிய கிண்ணம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவை வைதேகி திறந்தே பத்து நாளாகிறது. கேட்டால் ஆபீஸில் வேலை அதிகம் என்பாள். உண்மையான காரணம் தாரகா. போன வருஷம் கொழுந்தன் சரத்தைக் கட்டிக்கொண்டு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், ஆரஞ்சு லிக்கர் ஊற்றிப் புட்டிங் செய்கிறாள். அவள் ஒரு படம் போட்டால் போதும், சொந்தபந்தம் மொத்தமும் இதயம் இதயமாக அனுப்பிவிடும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் இனிப்பு என்றால் வைதேகிதான். அவளுடைய பால்கோவாவுக்கு ஒருவரும் ஒரு கட்டைவிரலைக்கூடத் தூக்கிக் காட்டியதில்லை.

எரிச்சல்பட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போன இடத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன லிக்கர் பாட்டிலும் வாங்கிவந்து, பிடோக் வீட்டில் துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். மூன்று தடவை செய்து பார்த்தாள். பாலும் கிரீமும் புட்டிங்கை இறுகவைக்கும் அகர் அகரும் கொதிக்கிறபோதே லிக்கரை ஊற்றிவிடுவாள். வாசனை அத்தனையும் ஆவியோடு கிளம்பிப் போகும்; கணவன் ரமணன் ஹாலிலிருந்து, "யாரு ஆரஞ்சு உரிக்கிறது?" என்று கேட்பான். கிண்ணத்தில் மிஞ்சியது கசப்புதான். விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்த பிறகே லிக்கரை ஊற்ற வேண்டும் என்பதை, தாரகா யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தபோது காதில் வாங்கினாள். போயும் போயும் இவள் வாயால் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்றே என்று அதற்கும் வயிறெரிந்தது.

பொங்கலன்று எல்லோருக்கும் செம்பவாங்கில் மாமியார் ரத்தினம்மா வீட்டில் சாப்பாடு. மாமியாருக்கு மார்ச்சில் எழுபது நிறைகிறது. அந்த விருந்துக்கு இனிப்பு யார் கையால் என்பதை இன்று சொல்வதாக இருந்தார். அது தன்னை விட்டுப் போனால் அந்த வீட்டில் தனக்கு வேறென்ன இருக்கிறது என்று வைதேகி ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்தாள். மடியில் பால்கோவா டப்பா சூடாக இருந்தது.

தைப்பூசப் பால்குடத்துக்காக ரத்தினம்மா விரதத்தில் இருந்தார். மாமிசம், முட்டை கிடையாது. மது அவர் நிழலைக்கூடத் தொடக் கூடாது. விரத நாளில் பிறர் கொண்டுவருவதை நூறு கேள்வி கேட்டுத்தான் தொடுவார். வைதேகி கொண்டுவருவதை மட்டும் ஒன்றும் கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வார்.

சாப்பாடு முடிந்ததும் தாரகா பெட்டியைத் திறந்தாள். வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள், பழுப்பும் மஞ்சளுமாய்ப் புட்டிங், மேலே சுருட்டிவைத்த ஆரஞ்சுத் தோல். வைதேகி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சந்தேகமே இல்லை, லிக்கர்தான். மூன்று தடவை கையைச் சுட்டுக்கொண்டவளுக்குத் தெரியாதா? ஒரு துளி வாசனைகூட வீணாகாமல் அப்படியே இருந்தது. பாவி, நன்றாகத்தான் செய்திருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தபோது, பிஸ்தா தூவிய ஒரு கிண்ணத்தைத் தாரகா மாமியார் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அதுல லிக்கர் இருக்கு." வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வைதேகி அதை விழுங்கினாள். சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு தெரியட்டும், சின்ன மருமகளின் லட்சணம். ரத்தினம்மா முதல் கரண்டியை வாயில் வைத்தார். இரண்டாவது. வைதேகிக்குப் பாதி பயம், பாதி சந்தோஷம். மூன்றாவது கரண்டிக்கு மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா, என்னா ருசி! மார்ச்ல இதையே செஞ்சிடும்மா."

வைதேகியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அத்தை, கீழ வைங்க! அதுல தண்ணி கலந்திருக்கு. விரதத்துல இருக்கிறவங்களுக்கு இவ எதைக் கொடுக்கிறா பாருங்க!"

தாரகா பதறவில்லை, குழம்பிப் போய்ப் பார்த்தாள்.

"இல்லக்கா. மாமிக்கு வேற. பிஸ்தா போட்டதுல லிக்கர் இல்ல. புதுச் சட்டி வாங்கி, ஆரஞ்சுத் தோலைப் பால்ல போட்டுத் தனியா செஞ்சேன். மாமி கேட்டதுக்கு நேத்தே குரூப்ல சொன்னேனே, நீங்க பாக்கலையா?"

"நான்கூட பாத்தேன் லா," என்றான் ரமணன். கட்டியவன் வாயாலேயே வந்தது.

வைதேகியின் காது மடலெல்லாம் சுட்டது. "எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்க நல்லதுக்குத்தான் அத்தை..."

ரத்தினம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"இதுல தண்ணி இருக்குன்னு நீ நெசமாவே நெனச்சியா?"

"ஆமா அத்தை."

"நான் மூணு வாய் சாப்பிடுற வரைக்கும் என் மூஞ்சியையேதானே பாத்துக்கிட்டு இருந்தே?"

யாராவது ஏதாவது பேசமாட்டார்களா என்று வைதேகிக்கு இருந்தது. கை தானாகப் பால்கோவா டப்பாவைத் திறந்து மாமியார் பக்கம் நகர்த்தியது.

ரத்தினம்மா டப்பாவுக்குள் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"இதுல என்னென்ன போட்டிருக்க?" என்று கேட்டார்.