யாரும் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் படிக்கப்போவது ஒரு விசா விண்ணப்பத்திலிருந்து வெட்டி எறியப்பட்ட பத்திகளை. வெட்டியவர் பேப்பர் அக்கா. ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் சரிபார்த்துக் கொடுப்பது அவர் தொழில். "உங்க பெரியம்மாவால அங்க ஏன் தனியா இருக்க முடியாதுன்னு ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதிட்டு வாங்க" என்றார். ஒரு கட்டுக் காகிதம் போனது. புரட்டிப் பார்த்துவிட்டு, "இது விண்ணப்பம் இல்லம்மா, கதை" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். மிஞ்சியது விண்ணப்பம் ஆனது. வெட்டுப்பட்டது இது.

இன்னொன்று. இதில் வரும் 'அவள்' நான்தான். விண்ணப்பத்தில் என்னை 'ஆதரவாளர்' என்றே எழுத வேண்டியிருந்தது. 'ஆதரவாளர் ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் பணிபுரிகிறார்.' 'ஆதரவாளர் தாயை இழந்த நாள் முதல் விண்ணப்பதாரரால் வளர்க்கப்பட்டவர்.' இப்படியே எழுதி எழுதி என்னை யாரோ ஒருத்தியாகப் பார்க்கப் பழகிவிட்டது. அப்படியே இருக்கட்டும். பயந்தாங்கொள்ளிகளுக்கு அது வசதி.

2

சலவைக்கூடத்தில் அவளுக்கு விரிப்பு மடிக்கிற வேலை. இயந்திரத்திலிருந்து சுடச்சுட வருவதை முனை பிடித்து மடித்து அடுக்க வேண்டும். கை இரண்டும் வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். போனை ஏப்ரன் பையில் செருகிக்கொண்டு வாயால் சொல்வாள், அது எழுதிக்கொள்ளும். குடும்பத்தின் எழுத்து வேலை முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. சித்தி வீட்டுத் தண்ணீர்க் குழாய் பற்றிய புகார்கூட ஓட்டல் தலையணை உறைகளுக்கு நடுவில் பிறந்ததுதான்.

முதல் தொடக்கம்:

'விண்ணப்பதாரர் ஓர் ஆதரவற்ற முதியவர்—'

(பெரியம்மாவை ஆதரவற்றவர் என்று சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். காது கேட்கும் தூரத்தில் பெரியம்மா இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். கடல் தாண்டி இருக்கிறார். இருந்தாலும் அழித்தாள்.)

இரண்டாவது:

'விண்ணப்பதாரரின் பார்வை நாளுக்கு நாள் மங்கி வருகிறது. போன மாதம் அடுப்பு எரிவது தெரியாமல் அதன் மேலேயே கையை ஊன்றி—'

(சூப்பர்வைசர் வரவில்லை. இயந்திரமும் நிற்கவில்லை. சும்மாதான் நிறுத்தினாள்.)

மூன்றாவது:

'விண்ணப்பதாரரால் தனியாகப் படியிறங்க முடிவதில்லை. தினமும் கண்டக்டர்—'

கதைக்குள் வந்துவிட்டார். அதற்கப்புறம் அவரை வெளியே அனுப்ப முடியவில்லை.

3

கண்டக்டர் பெரியம்மாவுக்கு அதே மாடியில் எதிர்வீடு. காலம் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற தனி ஆள். பெரியம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்ததிலிருந்து, அவர் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் இவர் ஒரு படி முன்னால் இறங்கிக்கொண்டே ஸ்டாப் சொல்வார்.

"செருப்பு ஸ்டாண்டு... அடுத்தது உடைஞ்ச ஜன்னல், காத்து தள்ளும், கம்பியைப் புடிங்க... டியூஷன் டீச்சர் வீடு, சைக்கிள் நிக்குது, ஒதுங்கி வாங்க... தெருவாசல். இறங்குறவங்க இறங்கலாம்."

"சில்லறை இல்லையே" என்பார் பெரியம்மா.

"அடுத்த ட்ரிப்புல குடுங்க."

தினமும் இதே பேச்சு. இரண்டு பேரும் சிரிப்பதில்லை. பெரியம்மா பையில் இருக்கும் போன் வழியாக இதைக் கேட்டுக்கொண்டே அவள் மடித்த விரிப்புகளைப் போட்டால் அந்தத் தெருவையே மூடிவிடலாம்.

காய்கறி வாங்குவது, மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போடுவது, வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவது எல்லாம் அவர்தான்.*

* அவர் யார் என்று குடும்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவள் அவரை 'சார்' என்பாள். மாமா, சித்தப்பா என்றெல்லாம் கூப்பிட ஒரு முறை வாயெடுத்தபோது சித்தி பார்த்த பார்வை இன்னும் ஆறவில்லை.

4

பேப்பர் அக்காவின் அலுவலகம் சாவி வெட்டும் கடைக்கு மேலே இருக்கிறது. முக்கியமான கேள்வி கேட்கும்போதெல்லாம் கீழே இயந்திரம் கிரீச்சிடும்.

"யாரு இந்தக் கண்டக்டர்?"

"எதிர்வீடு."

"சொந்தமா?"

"இல்லக்கா."

"சம்பளத்துக்கு வர்றாரா?"

"ஐயோ, அவர் காதுல விழுந்தா அவ்வளவுதான்."

"அப்ப தினமும் எதுக்கு வர்றாரு?"

கீழே சாவி கிரீச்சிட்டது.

பேப்பர் அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இங்க பாரும்மா. அங்க பாத்துக்க ஆள் இல்லைன்னாதான் இவங்க விசா குடுப்பாங்க. நீ என்ன பண்ணியிருக்க? யாருக்குமே கிடைக்காத ஒரு மனுஷனக் கொண்டாந்து மூணாவது வரியில உக்கார வச்சிருக்க. இதைப் படிச்சா ஆபீசர் உங்க பெரியம்மாவ இங்க கூப்பிட மாட்டாரு. அவரோட மாமியாரை அங்க அனுப்பிடுவாரு."

"அப்ப பொய் எழுதணுமாக்கா?"

"பொய்யெல்லாம் எழுதக்கூடாது. எல்லாத்தையும் எழுதுன்னு நான் சொன்னேனா?"

சிவப்புப் பேனா நடந்தது. படியில் ஸ்டாப் சொன்னவர் போனார். மாத்திரை பிரித்தவர் போனார். பக்கம் சுத்தமானது. பிறகு அக்கா ஆதாரப் படங்களை விரித்தார். கருகிய அடுப்பு மேடை, இருட்டுப் படிக்கட்டு, கண் டாக்டர் எழுதிய சீட்டு. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு கட்டைவிரல் இருந்தது. டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தட்டையாகிப்போன விரல். போனில் கேமரா எங்கே இருக்கிறது என்பதில் கண்டக்டருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"இது யாரு விரல்?"

அவள் படங்களை முனை பிடித்து அடுக்கத் தொடங்கினாள்.

"தனியா இருக்குற பொம்பளைக்கு எத்தனை கட்டைவிரல்மா?"

5

(இந்தப் பகுதி சித்தி கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது. அவர் கேட்டுக்கொண்ட விதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். குரல் செய்தி:)

"அந்த ஆள் பேச்சையே அதுல எடுக்காதடி. ஆபீஸ்காரன் என்ன நினைப்பான்? நம்ம குடும்பத்தைப் பத்தி அவ்வளவு பெரிய இடத்துல தப்பா பதிவாயிடும். நானே அக்காவைக் கூட்டி வச்சுக்குவேன், ஆனா என் மருமக என்னையே வெயிட்டிங் லிஸ்ட்லதான் வச்சிருக்கா. சரி வைக்கிறேன், அவ வர்றா."

6

அவரை நீக்கச் சொன்னவர்கள் இரண்டு பேர். மூன்றாவதாகச் சொன்னது கண்டக்டரே, போனில்.

"பாப்பா, என்னை எடுத்துடச் சொல்றாங்களாமே. எடுத்துடு."

"யாரு சார் சொன்னா?"

"உங்க சித்தி பெரியம்மாகிட்ட போன்ல பேசினாங்க. ஸ்பீக்கரே போடல, தெருவுக்கே கேட்டுச்சு."

"அப்படியெல்லாம் இல்ல சார்—"

"கண்டக்டர் இல்லாம பஸ் ஓடாதுன்னுதான் நாங்களும் நினைச்சிட்டிருந்தோம். இப்ப டிரைவரே டிக்கெட் குடுக்குறாரு. ஓடத்தான் செய்யுது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் முட்டியும் சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு பாப்பா. ஒருநாள் ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தா யாரை யாரு தூக்குறது? அன்னிக்கு அவங்க அடுப்புல கை வச்சப்ப நான் கீழ மோட்டார் போடப் போயிருந்தேன். அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு உன் பேப்பர்ல இருக்கிறது நிஜம்தானே? யாரும் இல்லதானே?"

அவள் கையில் இருந்த விரிப்பு மடங்காமல் தரையில் இழுபட்டது.

"அங்க வந்தா கண்ணைப் பாப்பாங்க. அனுப்பிடலாம் பாப்பா."

இந்த இடத்தில் எழுதுகிறவள் மாட்டிக்கொண்டாள். கதைக்குள் இடம் கேட்டு மல்லுக்கட்டும் கதாபாத்திரம் என்றால் சமாளித்துவிடலாம். தன்னை வெளியே அனுப்பச் சொல்லி எழுதுகிறவளுக்கே ஆறுதல் சொல்கிறவரை என்ன செய்வது? அவர் இருந்தால் பெரியம்மா வர முடியாமல் போகலாம். அவர் இல்லையென்றால், அவர் இல்லை என்று சொல்லும் காகிதத்தின் மேல் ஏறித்தான் பெரியம்மா வர வேண்டும்.

அவள் சுத்தமான இரண்டு பக்கத்தை அனுப்பினாள். எதிர்வீட்டுக் கடைப்பையன் வழியாக அச்செடுத்து... (எதிர்வீடு என்ற சொல் எங்கே போனாலும் வந்து நிற்கிறது. தெருமுனைக் கடையில் அச்செடுத்தார்கள் என்று படிக்கவும்.)

7

கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. விண்ணப்பதாரருக்குக் கண் தெரியாவிட்டால் முழுவதையும் ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டியவர் பெயர், கையெழுத்து, விண்ணப்பதாரருக்கு என்ன உறவு. மூன்று கட்டங்கள்.

பேப்பர் அக்கா இதைக் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை. பெரியம்மாவுக்கு எதுவென்றாலும் படித்துக் காட்டுகிறவர் ஒருவர்தான். அது அவ்வளவு பழகிப்போன விஷயம்.

அவளுடைய விடுமுறை நாளில் வீடியோ அழைப்பு. போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தார்கள். மின்விசிறியும் பெரியம்மாவின் நெற்றியும் தெரிந்தன. கண்டக்டர் குரலாக மட்டும் இருந்தார்.

"'விண்ணப்பதாரரின் பார்வை மங்கி வருகிறது.'"

"யாரு விண்ணப்பதாரர்?"

"நீங்கதான்."

"சரி."

"'படியிறங்க இயலவில்லை.'"

"இறங்குறேனே."

"தனியா இறங்க முடியலைன்னு அர்த்தம்."

"அப்ப அதை அப்படி எழுதச் சொல்லுங்க."

"'விண்ணப்பதாரருக்கு உதவ அங்கே ஒருவரும் இல்லை.'"

இதையும் அவர் அதே குரலில்தான் படித்தார். ஏறவும் இறங்கவும் ஆளில்லாத ஸ்டாப்பைச் சொல்லிவிட்டுப் போவதுபோல.

"நிறுத்துங்க" என்றார் பெரியம்மா. "திரும்பப் படிங்க."

திரும்பப் படித்தார்.

"இதை யாரு எனக்குப் படிக்கிறது?"

"நான்தான்."

"நீங்க யாரு?"

"கண்டக்டர்."

"அது பஸ்ல. இங்க?"

மின்விசிறி சுற்றியது. "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்றார் அவர். "பாப்பா கஷ்டப்பட்டு எழுதியிருக்கு."

"ஏண்டி, லைன்ல இருக்கியா? ஒரு மனுஷன் வாயாலயே அவர் இல்லைன்னு படிக்க வைக்கிறியே, யார்டி உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

பேப்பர் அக்கா என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். "பெரியம்மா, அவர் இருக்காருன்னு எழுதினா நீ வர முடியாமப் போயிடலாம்."

"வராமப் போனா என்ன?"

"அடுப்பு இருக்கே பெரியம்மா."

பிறகு நெற்றிக்குக் கீழே ஒரு கை வந்தது. உள்ளங்கையில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

"அடுப்பு இருக்குதான்" என்றார் பெரியம்மா. "வரணும்னுதான்டி இருக்கு எனக்கு. இங்க பயமா இருக்கு. ஆனா அந்த ஆபீசர் கேட்டா நான் என்ன சொல்வேன்? இத்தனை நாளும் நானேதான் படியிறங்கினேன்னா?"

கண்டக்டர்தான் பேசினார். "சரி, படிச்சாச்சு. பேரு எழுதியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. கடைசிக் கட்டத்துல என்ன உறவுன்னு கேக்குறாங்க. என்ன பாப்பா எழுத?"

"பக்கத்து வீடுன்னு—"

"எதிர்வீடு" என்று திருத்தினார்.

"பேனாவைக் குடுங்க" என்றார் பெரியம்மா.

"உங்களுக்குக் கட்டம் தெரியாதுங்க."

"அப்ப எங்கன்னு சொல்லுங்க."

காகிதம் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம், மாடிப்படியில் கேட்கும் அதே குரல், ஆனால் மிக மெதுவாக:

"கொஞ்சம் வலது பக்கம்... இன்னும் வாங்க... இன்னும்... வந்தாச்சு. இறங்குங்க."

பெரியம்மா எழுதினார். நெடுநேரம் எழுதினார்.

8

முடிவுகள் சொல்லிப் பார்த்தேன்.

அந்தக் கட்டத்தில் 'எதிர்வீடு' என்று இருக்கிறது. விசா வருகிறது, பெரியம்மாவும் வருகிறார். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் தானாகவே மாடி சொல்லும். பெரியம்மா அதனிடம் "சில்லறை இல்லையே" என்பார். அது கதவைத் திறக்கும், வேறொன்றும் சொல்லாது. (இந்த முடிவை ஏப்ரன் பைக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். போன் வெறும் புள்ளிகளைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது.)

அல்லது, சித்தி பயந்த சொல் அங்கே இருக்கிறது. சித்தி குடும்பக் குழுவை விட்டு வெளியேறி, யாரும் கூப்பிடாததால் தானே திரும்ப வருகிறார். பேப்பர் அக்கா எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, "ரெண்டு பேருக்குமா விசா போடப்போற?" என்கிறார். கீழே சாவி கிரீச்சிடுகிறது.

அல்லது, ஆபீசர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டுத் தன் மாமியாருக்கு டிக்கெட் எடுக்கிறார்.

எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கையெழுத்தான பக்கத்தைக் கண்டக்டர் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அவர் பெயர் தெளிவாக இருக்கிறது, கையெழுத்தும் அப்படியே. 'என்ன உறவு' என்ற கட்டத்தின் மேல் சரியாக அந்தக் கட்டைவிரல் உட்கார்ந்திருக்கிறது. விரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மை நீண்டிருக்கிறது. எதிர்வீடு அவ்வளவு நீளமான சொல் இல்லை.

பேப்பர் அக்கா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். "என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தியா? திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லு. அதுக்கப்புறம்தான் எந்தப் பக்கத்தை வைக்கிறது, எதை எடுக்கிறதுன்னு சொல்ல முடியும்."

'சார், கொஞ்சம் திரும்ப எடுத்து அனுப்புங்க' என்று நான் சொல்லி, அதாவது அவள் சொல்லி, போனும் எழுதி வைத்திருக்கிறது. அனுப்பவில்லை. இயந்திரத்தில் விரிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன, கை ஓய்வாக இல்லை. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? நீங்கள் அனுப்பினால் அவர் உடனே எடுத்து அனுப்பிவிடுவார். நல்ல மனிதர்.

விரல் மறுபடியும் வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.