ஐந்தாம் நம்பர் விளக்கு

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு எதிரே ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த சாலமோனுக்கு ஒரு கர்வம் உண்டு. 'இது ஆகாது' என்று சொல்லி ஒரு பொருளையும் அவன் திருப்பிக் கொடுத்ததில்லை. தன் கையால் பழுது வந்தது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதுமில்லை. அந்த இரண்டுக்கும் சோதனை 1991ஆம் வருஷம் மாசி மாதம் வடக்குப்பட்டிலிருந்து வந்தது.

வடக்குப்பட்டு ரகுபதி, ஒரகடம் பக்கம் வந்த கம்பெனி ஒன்றுக்கு நிலத்தை விற்று மாடி வீடு கட்டியவர். அவர் மகன் அன்பு கப்பலில் வேலை பார்த்தான். பொங்கலுக்கு வந்தவன் லண்டனில் வாங்கிய ஒரு பெட்டியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் பொத்தான்கள் வைத்த ஒரு பலகையும் ஏழெட்டுச் சின்ன வெள்ளைப் பெட்டிகளும் இருந்தன. வெள்ளைப் பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகி, அதில் விளக்கைச் செருக வேண்டும். பலகையில் ஒன்றாம் நம்பரை அமுக்கினால் கூடத்து விளக்கு எரியும், இரண்டை அமுக்கினால் மாடிப்படி விளக்கு. தனி வயர் கிடையாது. சுவருக்குள் ஓடும் கரண்டுக் கம்பியிலேயே செய்தியும் சேர்ந்து ஓடிவிடும்.

ரகுபதி சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் இரண்டு வாரத்தில் விளக்குகள் தாமாகவே எரியவும் அணையவும் ஆரம்பித்தன. பஞ்சாயத்துத் தலைவர் வந்திருந்த அன்று, "இப்ப பாருங்க தலைவரே" என்று ஒன்றை அமுக்கினார். விளக்கு எரிந்தது. தலைவர் வாயைத் திறந்து பாராட்டுவதற்குள் அணைந்தது.

"கரண்டு போச்சா?" என்றார் தலைவர், தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி.

மறுநாள் சாலமோன் வரவழைக்கப்பட்டான். இந்தச் சாமானை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ளவுமில்லை. முதலில் வோல்டேஜ் குறைச்சல் என்றான். அப்புறம் ரோட்டோரத்தில் புதிதாக வந்த வெல்டிங் பட்டறைமேல் பழி போட்டான். பட்டறைக்கு லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமையும் விளக்கு ஆடியது. பெட்டிகளைப் பிரித்துப் பற்றுவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றுவைத்தான். பதினோரு நாள் நடையாய் நடந்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னாய்யா, உனக்கு வேல தெரியுமா தெரியாதா?" என்று ரகுபதி கேட்டுவிட்டார். சாலமோனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, கடை திறக்கும் நேரத்தில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தார். ரகுபதியின் தம்பி சுப்பிரமணி. அண்ணனுக்குப் பக்கத்து வீடு. ஒன்றரை அடி அகல எல்லைத் தகராறில் எட்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை, செங்கல்பட்டுக் கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆளுயரச் சுவர், அதன்மேல் கண்ணாடித் துண்டு.

"அவரு வூட்டுக்கு நீ போறது தெரியும். நான் வந்தது அவருக்குத் தெரியக் கூடாது" என்றார் சுப்பிரமணி. "என் வூட்லயும் அந்த சாமான் கீது. மருமவன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தாரு. பிசாசு புடிச்சாப்பல தன்னால எரியுது, தன்னால அணையுது."

சாலமோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சொறிந்தான். அண்ணனிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தம்பியும் வரவழைத்திருக்கிறார். அதே சாமான், அதே டிரான்ஸ்பார்மர், அதே லைன். கரண்டுக்குச் சுவரும் தெரியாது, கோர்ட்டும் தெரியாது. அண்ணன் அமுக்கியதற்குத் தம்பி வீட்டில் எரிந்திருக்கிறது, தம்பி அமுக்கியதற்கு அண்ணன் வீட்டில் அணைந்திருக்கிறது.

போய்ப் பார்த்ததும் உறுதியானது. ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் இரண்டு சின்னச் சக்கரங்கள் இருந்தன. ஒன்றில் எண், இன்னொன்றில் எழுத்து. எழுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் வேறாக இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இரண்டு வீட்டிலும் 'ஏ'யில் நின்றது. அதை ஏதோ கம்பெனி முத்திரை என்று பதினோரு நாளும் நினைத்திருந்த சாலமோன் தன்னையே திட்டிக்கொண்டான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுப்பிரமணி வீட்டுப் பலகையையும் பெட்டிகளையும் 'ஜி'க்குத் திருப்பினான். அரை நிமிஷ வேலை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்தான்.

அன்று மாலை இரண்டு வீட்டிலும் விளக்குகள் சொன்னபடி கேட்டன. இரண்டு வீட்டிலும் அவனுக்குத் தனித்தனியாகப் பாராட்டு. சாலமோன் விசிலடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தான்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒன்றாகக் கடைக்குள் நுழைந்தார்கள் கிளியம்மாளும் சந்திரம்மாளும். கிளியம்மாள் ரகுபதியின் மனைவி, சந்திரம்மாள் சுப்பிரமணியின் மனைவி. பக்கத்து வீட்டாளோடு பேசினால் இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது என்று எட்டு வருஷமாக இருவருக்கும் உத்தரவு. அவர்களோ தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"தம்பி, நல்லா இருந்தத இன்னாத்துக்குக் கெடுத்த?" என்றாள் கிளியம்மாள்.

"கெடுத்தேனா? நான் சரி பண்ணேங்க்கா!"

"அதத்தான் சொல்றன். பழையபடி ஆக்கிக் குடு."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் கிளியம்மாள் துடைக்கும்போது பலகையில் கை பட, சுவருக்கு அந்தப் பக்கம் சந்திரம்மாளின் டேபிள் பேன் தானாகச் சுழன்றது. சந்திரம்மாள் பயந்துபோய்த் தன் பலகையைத் தட்ட, இந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி சூடேறியது. மாறி மாறி அமுக்கிப் பார்த்து இரண்டே நாளில் இருவரும் புரிந்துகொண்டார்கள். அதன் பிறகு அதுவே பேச்சாகிவிட்டது. ஒருமுறை எரிந்து அணைந்தால் 'மாவு மில்லுக்கு வா'. இரண்டு முறை என்றால் 'ஆள் வீட்டில் இருக்கு, வராதே'.

"போன மாசம் எனக்கு ஜுரம்" என்றாள் சந்திரம்மாள். "அவரு கோர்ட்டுக்குப் போய்ட்டாரு. எழுந்து தண்ணி குடிக்க முடியல. நாலு தபா அமுக்கினன். அக்கா பின்பக்கமா கஞ்சி எடுத்துகினு வந்துச்சு."

பதினோரு நாளில் தனக்குப் பிடிபடாததை இரண்டே நாளில் கண்டுபிடித்தவர்களைச் சாலமோன் மாறி மாறிப் பார்த்தான். கோபம்தான் முதலில் வந்தது. பழையபடி ஆக்கினால் இரண்டு வீட்டிலும் அவன் பெயர் கெடும். ஆனால் அந்தக் கஞ்சி அவன் மனதை என்னவோ செய்தது. வேறு வழி ஒன்று தோன்றியதும் முகம் மலர்ந்தது.

செங்கல்பட்டில் அடுத்த வாய்தா அன்று அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில், ஒருவர் முன் சீட்டிலும் ஒருவர் பின் சீட்டிலுமாகக் கேஸுக்குப் போனார்கள். அவர்கள் போனதும் சாலமோன் வந்தான். சும்மா கிடந்த வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றை 'ஜி', ஐந்து என்று வைத்துக் கிளியம்மாளின் சமையலறையில் செருகினான். இன்னொன்றை 'ஏ', ஐந்து என்று வைத்துச் சந்திரம்மாளின் சமையலறையில் செருகினான். ஆளுக்கொரு சின்ன பல்பு. ஆண்களின் விளக்குகள் ஒன்றோடொன்று மோதாது. ஐந்தை அமுக்கினால் மட்டும் பக்கத்து வீட்டுச் சமையலறையில் எரியும். அவன் செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை அதுதான். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத வேலையும் அதுதான்.

சித்திரை பிறக்கும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அப்போது கப்பல் நண்பன் ஒருவன் மூலம் அன்பு இன்னும் ஒரு வெள்ளைப் பெட்டி அனுப்பினான். சாலமோன் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து ரகுபதிக்கும் அரைகுறையாக அந்த வித்தை வந்திருந்தது. வாசல் டியூப்லைட்டுக்கு அதைத் தானே மாட்டினார். எந்த நம்பர் காலி என்று பார்த்தார். ஐந்து.

அன்று முதல் தினமும் மாலை ஆறரைக்கு ரகுபதி வாசல் விளக்கைப் போட, சந்திரம்மாளின் சமையலறையில் பல்பு எரிந்தது. அக்கா கூப்பிடுகிறாள் என்று அவள் கோதுமைத் தூக்கோடு மில்லுக்கு ஓடினாள். அக்காவைக் காணோம். காத்திருந்ததற்குச் சாக்கு வேண்டுமே என்று கோதுமையை அரைத்துக்கொண்டு வந்தாள். மூன்று நாள் இப்படி ஆயிற்று. மூன்று நாளும் வீட்டில் சப்பாத்தி.

சப்பாத்திதான் சுப்பிரமணிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நாலாம் நாள் மாலை மனைவி தூக்கை எடுக்கும்போது பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்தவர், எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கித் திருப்பினார். தன் வீட்டில் எல்லாமே 'ஜி'யில் இருக்க, இது மட்டும் 'ஏ'. அதற்குச் சற்று முன்புதான், அக்கா ஏமாற்றுகிறாள் என்ற கோபத்தில் சந்திரம்மாள் ஐந்தைப் பத்துத் தடவை அமுக்கியிருந்தாள். அந்தப் பக்கம் காபி கேட்டுச் சமையலறைக்கு வந்த ரகுபதியின் கண்ணெதிரே பல்பு கண்சிமிட்டியது. அவரும் பிடுங்கிப் பார்த்தார்.

மறுநாள் காலை சாலமோனின் கடையில் இரண்டு பேரும் கையில் ஆளுக்கொரு வெள்ளைப் பெட்டியோடு எதிரும் புதிருமாக நின்றார்கள்.

"இது இன்னாய்யா?" என்றார் ரகுபதி.

"அதத்தான் நானும் கேக்க வந்தன்" என்றார் சுப்பிரமணி, சாலமோனைப் பார்த்தே.

சாலமோன் இரண்டு பெட்டிகளையும் பார்த்தான். உண்மையைச் சொன்னால் தன் திறமை ஊரறியும், ஆனால் அந்த இரண்டு பெண்களும் வீடு போய்ச் சேர முடியாது. இருபது வருஷத் தொழிலில் சொல்லாத வார்த்தையைச் சொன்னான்.

"என் தப்புதாங்க. சமையகட்டுல பல்பு மாட்டறப்ப எழுத்த மாத்தி வச்சுட்டேன்."

ரகுபதி மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார்.

"உன் வூட்டுக்கும் இவன்தான் வந்தானா?"

"ஆமாண்ணே. உங்க வூட்டயும் கெடுத்துட்டானா?"

"பதினோரு நாளு டபாய்ச்சான்டா!"

"நம்ம ரெண்டு பேரையும் வச்சுத் தொழில் பண்ணிகிறான்ணே!"

எட்டு வருஷம் கழித்து அண்ணனும் தம்பியும் பேசிய முதல் பேச்சு அது. அரை மணி நேரம் மாறி மாறித் திட்டினார்கள். ஒருவருக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் மற்றவர் எடுத்துக் கொடுத்தார். பஸ் வந்ததும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போனார்கள். வைகாசியில் கேஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்றும், சுவரை இடித்து வழி வைத்தாயிற்று என்றும் பஸ்காரர்கள் சொன்னார்கள். வடக்குப்பட்டிலிருந்து அதற்கப்புறம் ஒரு ரேடியோகூட அவன் கடைக்கு வரவில்லை.

ஆடி மாதம் ஒரு காலை, கிளியம்மாளும் சந்திரம்மாளும் ஒரு மிக்ஸியோடு வந்தார்கள். ஆளுக்கு அரைச் சுற்று இளைத்திருந்தார்கள். இனி இவர்களுக்கு என்ன குறை என்று நினைத்த சாலமோன், "சந்தோஷமா இருக்கீங்களாக்கா?" என்றான்.

"இன்னா சந்தோஷம் போ" என்றாள் கிளியம்மாள். "காலையில எட்டு மணிக்குச் சின்னவரு வந்து குந்துறாரு. சாயங்காலம் இவரு அங்க போய்க் குந்துறாரு. அண்ணனும் தம்பியும் உன்னத் திட்றதும் காபி கேக்கறதும்தான். நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்க முடியல. வாயத் தொறந்தா, 'இன்னா பேச்சு, ஆம்பளைங்க பேசிகினு இருக்கோம்ல'ன்றாங்க."

"மாவு மில்லுக்குக்கூட அவங்களே போறாங்க தம்பி" என்றாள் சந்திரம்மாள். "ஜோடியா."

சாலமோன் மிக்ஸியைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினான். கார்பன் தேய்ந்திருந்தது. புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

"கால் மணி நேரம் உக்காருங்க. முடிஞ்சுரும்."

சந்திரம்மாள் ஓரகத்தியைப் பார்த்தாள். கிளியம்மாள் முந்தானையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் அவசரமில்ல தம்பி. பொறுமையாவே பண்ணு. மத்தியானம் ஆனாலும் பரவால்ல" என்றாள்.

சாலமோன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். எதிர்க் கடையில் போய் அவர்களுக்கு இரண்டு டீ சொல்லிவிட்டு, அங்கேயே நின்று பேப்பர் படிக்க ஆரம்பித்தான்.