பிரேக் சரி என்று ஒரு கையெழுத்து

பள்ளத்தில் கவிழ்ந்த பேருந்தைப் பற்றி அந்த நிருபர் எழுதிய செய்தியின் முதல் வரியே 'பிரேக் பிடிக்கவில்லை' என்பதுதான். எழுதிக் கொடுத்த பிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டுநர் அவளுடைய அக்காவின் கணவர். அதை அவள் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

ஆசிரியர் படித்துவிட்டு, "யாரும்மா சொன்னது?" என்றார். ஓட்டுநர், அப்புறம் கடைத்தெருவில் பலர் என்றாள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பணிமனைக்கு ஓடினாள். மெக்கானிக் வெகுநேரம் பிடி கொடுக்காமலே பேசினார். பிறகு என்ன நினைத்தாரோ, பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். விபத்து நடந்த அன்று காலை, 'பிரேக் சரி' என்ற வரிக்கு எதிரே அத்தானின் கையெழுத்து. படம் எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

கையில் கட்டோடு படுத்திருந்த அத்தான் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "சோதிக்கிறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிடுவாங்க. எல்லாரும் போடறோம். நானும் போட்டேன்."

அவர் சொல்லிவிட்டால் ஆயிற்றா? தெருவில் நின்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கையெழுத்து ஐந்து பத்துக்கு. சோதனை ஐந்து நாற்பதுக்கு. மறுபடி பணிமனைக்குப் போய் அந்த மாதப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வேறு வேறு ஓட்டுநர்கள், பதினோரு நாள் இதே கதை.

"என் பேரு வேணாம்மா. தேதியெல்லாம் எழுதிக்கோ," என்றார் மெக்கானிக்.

பிரேக்கைக் கழற்றிப் பார்த்தவர் இன்னும் யாரும் இல்லை. அதனால் முதல் வரியை அடித்துவிட்டாள். 'பிடிக்கவில்லை என்கிறார் ஓட்டுநர்' என்று கீழே எங்கேயோ அது ஒதுங்கியது. மேலே பதினோரு தேதிகள் ஏறின. பிறகு ஆசிரியரிடம் உறவைச் சொன்னாள்.

"முதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார். செய்தியை இன்னொரு நிருபரிடம் கொடுத்தார். அவர் போய்ப் பதிவேட்டைத் தன் கண்ணால் பார்த்த பிறகே, அவர் பெயரில் அது வெளியானது. அன்று மதியமே பணிமனையில் விசாரணை தொடங்கியது.

அதே மதியம் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"அவர் கையெழுத்துப் போட்டதையும் நீதான் குடுத்தியா?"

"ஆமாக்கா."

இணைப்பு அறுந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், இரண்டு முறை அழைத்துப் பார்த்தாள். அக்கா எடுக்கவில்லை. ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.