உப்பு டப்பாவுக்கு அடியில்

ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் படிக்கும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. சாப்பாட்டு மேசையில் விரித்து, மேல் மூலைகளில் இரண்டு தம்ளர்களையும் கீழே உப்பு டப்பாவையும் வைத்து அழுத்தி, இரண்டு நாடுகளுக்கு எல்லை வகுக்க வந்தவர் மாதிரி குனிந்தார். தொழிற்சாலைக் கொதிகலன்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவர் உத்தியோகம். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் நெருப்பைக் குறை. இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு வேலையையும் குடும்பத்தையும் இத்தனை காலம் ஓட்டிவிட்டார். மகள் அவருக்கு வைத்த பெயர் மீட்டர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

"டிஎஸ்ஹெச்னு ஒண்ணு. நாலு சொச்சத்துக்குள்ள இருக்கணுமாம். உனக்குப் பதினெட்டு," என்றார். "தைராய்டு தறிகெட்டு ஓடுது. எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டுப் பறக்கறே பாரு, அதான்."

பறக்கிற மனைவி எதிரே கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே நல்ல வெயில். துணி மடிக்க உட்கார்ந்தால் துணிமேலேயே தூங்கிப்போகிறவள். முகம் உப்பி, தோல் வறண்டு, சீப்பு நிறைய முடி. இப்படி ஓர் இயந்திரம் எந்த ஆலையில் கிடந்தாலும் 'அணைந்துவிட்டது' என்று அவரே எழுதியிருப்பார். ஆனால் தாளில் எண் இருக்கும்போது ஆளைப் பார்ப்பது அவர் வழக்கமில்லை.

அன்றே நெருப்பைக் குறைக்கும் திருப்பணி ஆரம்பமானது. சன்னல்கள் எல்லாம் திறந்தன. வெந்நீர்க் குளியல் ரத்தாயிற்று. காபி ஆறிய பிறகே கைக்கு வந்தது. அவள் மறுபேச்சுப் பேசாமல் நடுங்கினாள். அவளுடைய பயம் வேறு இடத்தில் இருந்தது.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள் அவள். முகம் தெரியாதவர்கள்கூட அந்தக் குரலை நம்பித்தான் பெட்டியைத் தூக்குவார்கள். சில மாதங்களாக அந்தக் குரல் சரளைமேல் சாக்கை இழுத்த மாதிரி ஆகியிருந்தது. அதைக்கூடத் தொண்டைக்கட்டு என்று சமாளித்தாள். போன வாரம், போய்விட்ட வண்டியை வரப்போவதாகச் சொல்லிவிட்டாள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு காலித் தண்டவாளத்தை நோக்கி ஓடியதை அறையின் கண்ணாடி வழியே பார்த்தாள். மேலதிகாரி சிரித்துவிட்டுப் போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் பாத்திரங்களின் பெயர், அப்புறம் தெருக்கள். ஒரு மத்தியானம் பெற்ற மகளைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: "நீங்க யாரும்மா?" அந்த 'நீங்க'தான் இன்னும் அறுக்கிறது.

மருத்துவமனையில் டாக்டரம்மா தாளை வாங்குவதற்கு முன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். கணவர் கொதிகலன், அழுத்தம், வால்வு எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு தாளின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்தார்.

"இது என்ன வட்டமா ஒரு கறை?"

"உப்பு டப்பா," என்றாள் அவள்.

"முக்கியமான எண்ணு மேலயே வெச்சிருக்கீங்க சார். பதினெட்டுங்கறது தைராய்டு போடற சத்தமில்ல. மூளைக்கு அடியில இருக்கற சுரப்பி, 'வேலையைப் பாரு'ன்னு தைராய்டை அதட்டற சத்தம். கீழ வேலை நடக்கல, அதனால மேல கத்தறாங்க. தைராய்டு செய்யற வேலை இந்த டி4. கோட்டுக்குக் கீழ கெடக்கு."

கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். தன் ஆபீஸ் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவள் அப்போதுதான் போய்விட்ட வண்டியைப் பற்றிச் சொன்னாள். அம்மாவைப் பற்றியும். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

டாக்டரம்மா தாளை மடித்து ஓரமாக வைத்தார். "மறதி, குரல், குளிர், தூக்கம், எல்லாத்துக்கும் இதுவே காரணமா இருக்கலாம். மாத்திரை ஆரம்பிப்போம், ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம். மறதி அப்பவும் போகலன்னா அதைத் தனியா கவனிக்கலாம். ஆனா நீங்க சொல்றதுல எனக்கு உங்கம்மா தெரியல. தைராய்டுதான் தெரியுது."

நோய் இருக்கிறது என்று கேட்டு இப்படிப் பூரித்த முகத்தை அந்த அறை பார்த்திருக்காது. வெளியே காத்திருந்தவர்கள் ஏதோ குழந்தை பிறந்த சேதி என்றே நினைத்திருப்பார்கள்.

தெருமுனை வந்ததும் அவர் நின்றார். பிறகு, "அம்மா விஷயத்தை எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க தாளைப் படிச்சிட்டிருந்தீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு வலித்தது.

மறுநாள் காலை, வெறும் வயிற்றில் மாத்திரை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது. அவரும் குடிக்கவில்லை. சன்னல்களை அவரே எழுந்து போய் மூடிவிட்டு வந்து, கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்தார். மேசையில் ஃபிளாஸ்க் ஒன்று, அதில் சூடான காபி.

அவள் தொண்டையைச் செருமினாள். "பயணிகள் கவனத்திற்கு. காபி சற்றுத் தாமதமாக வந்து சேரும்." குரல் இன்னும் சரளைதான்.

அவர் சிரித்தார். பிறகு, குழாயில் சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற பழக்கத்தில் புறங்கையை நீட்டி, அவள் கையின்மேல் வைத்தார். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.