மயில்துத்தம் கலந்த பசை

அப்பாவின் விரல் இடுக்கில் காய்ந்திருந்த பசை மட்டும் போவேனா என்றது. பெரியப்பா பலவேசம் சீயக்காய் போட்டுத் தேய்த்தார், தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தார். குளிப்பாட்டக் கிடத்தியிருந்த பெஞ்சு ஓரத்தில் அந்தக் கை சும்மா கிடந்தது. வெந்நீர்ச் செம்போடு நின்ற உலகம்மைக்கு, மெதுவாகத் தேய்யுங்கள், வலிக்கும் என்று சொல்ல வாய் வந்தது. யாருக்கு வலிக்கும்?

“என்ன வே பசை இது, நீலம் பாரிச்சுக் கெடக்கு?” என்றார் பெரியப்பா.

தபேலா வாசிக்கிற மசூது தலை நிமிராமல் சொன்னார். “மைதாவுல மயில்துத்தம் போட்டுக் காச்சினது அண்ணாச்சி. இல்லன்னா மாடு நோட்டீஸ நக்கித் தின்னுரும்.”

விடிந்ததிலிருந்து மேலகரம் முழுக்கக் கச்சேரி நோட்டீஸ் ஒட்டியது அப்பாவும் மசூதும்தான். கடைசி நோட்டீஸைச் சுவரில் நீவிவிட்டு, நேராக இருக்கிறதா பாரும் என்று கேட்டபடியே அப்பா சாய்ந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பகலெல்லாம் தையல் மிஷின், சாயங்காலமானால் கிளாரினெட். கல்யாண வீட்டுக்காரர்களும் அவரைக் கூப்பிட்டதில்லை, கோயில்காரர்களும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாவிட்டால் போகிறது, நாமே ஊரைக் கூப்பிடுவோம் என்று மசூதையும் சேர்த்துக்கொண்டு வாசகசாலை மாடியைப் பிடித்தார். நெருக்கி உட்கார்ந்தால் ஐம்பது பேர். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் குளிக்க வருகிற கூட்டம் இந்த வழியாகத்தானே போயாக வேண்டும்? அதில் பத்துப் பேர் மாடியேறி வரமாட்டார்களா? அவ்வளவுதான் மனிதர் போட்ட கணக்கு.

நோட்டீஸில் மூன்று சனிக்கிழமைகள் இருந்தன. வருகிற சனி முத்துக்குமாரசாமி கிளாரினெட். அடுத்த சனி அவரும் புளியறைப் பிடில்காரரும். ஆடி கடைசிச் சனிக்கு நேரே, ‘முத்துக்குமாரசாமி மகள் உலகம்மை, வாய்ப்பாட்டு’ என்று போட்டிருந்தது.

இந்தக் கடைசி வரியைத்தான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. தென்காசியில் அரிசிக்கடை வைத்திருக்கிற அவர்தான் தாயில்லாப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மேடையேறிப் பாடுகிறவளை எவன் பெண் கேட்டு வருவான் என்று போன வருஷமே ஒரே போடாகப் போட்டிருந்தார். “அண்ணன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ தொண்டையப் பாத்துக்கோ,” என்று முந்தின நாள்கூட அப்பா சொன்னார். பேசாமலே போய்விட்டார்.

நோட்டீஸ் எதிர்வீட்டுச் சுவரில் ஊர் பார்க்க நின்றது. சேதி கேட்டுக் குடையும் கையுமாக வந்திறங்கிய பெரியப்பா, வீட்டுக்குள் நுழையும் முன் அதன் எதிரே நின்று கடைசி வரி வரை படித்ததை உலகம்மை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செத்துக் கிடக்கிற அப்பாவை விட்டுவிட்டு ஒரு கணம் அவளுக்கு அதுதான் திக்கென்றது. உள்ளே வந்தவர் குடையை மூலையில் சாத்திவிட்டு, குளிப்பாட்ட வெந்நீர் கேட்டார்.

மத்தியானம் தூக்கினார்கள். பெரியம்மா வடிவம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உலகம்மைக்குக் குரலே வரவில்லை. பெற்ற அப்பன் போகிறான், கல்லு மாதிரி நிற்கிறாளே என்று பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்த ஈரம் காயாமல் ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நாளை மறுநாள் சனி, நோட்டீஸைப் பார்த்து ஆள் வந்து நிற்குமே, என்ன செய்ய என்று மசூது கேட்டார்.

“கிழிக்கணும்,” என்றார் பெரியப்பா. “செத்தவன் பேரு சுவத்துல நின்னு ஆளக் கூப்பிடக் கூடாது. எங்கன இருந்தாலும் எடுத்துரணும்.”

மசூது தயங்கினார். “கடைசிச் சனி பிள்ளையோடது அண்ணாச்சி. பதினாறு கழிஞ்சுதான் வருது.”

“நான் பாத்துக்கிடுதேன் வே. நீரு வீட்டுக்குப் போம்.”

உலகம்மை புறவாசலுக்குப் போய், அப்பாவைக் குளிப்பாட்டிய பெஞ்சில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். அப்பா போனதற்கு அழுகிறாளா, தன் பேர் போகப்போவதற்கு அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மகளா என்று வெட்கமாக இருந்தது. இனிமேல் தனக்காகப் பேச ஒருவரும் இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அழுது முடித்து உள்ளே வந்தபோது பெரியப்பாவைக் காணவில்லை. அப்பாவின் பசை வாளியும் மூலையில் இல்லை. தீட்டென்று தூர எறிந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியப்பா சாரலில் தொப்பலாக நனைந்து வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிட உட்காரும் முன் அவள் செம்பில் தண்ணீர் ஊற்ற, வெகுநேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“தொண்டை கட்டிக் கெடக்கு. சுக்குத் தண்ணி வச்சுக் குடிட்டி,” என்றார்.

மறுநாள் காலை, சுடுகாட்டில் பால் தெளிக்கிற காடாத்துக்குப் பால் வாங்க உலகம்மை கதவைத் திறந்தாள். எதிர்ச்சுவரில் முதல் இரண்டு சனிக்கிழமைகளும் இருந்த இடம் காரை தெரியச் சுரண்டியிருந்தது. அதன் கீழே ஒற்றை வரி மட்டும் இருந்தது. முத்துக்குமாரசாமி மகள் உலகம்மை. நான்கு மூலையிலும் புதுப் பசை திட்டுத் திட்டாக அப்பியிருந்தது, ஒட்டிப் பழக்கமில்லாத கை. தெருவோடு வந்த பசு ஒன்று அதனருகே நின்று முகர்ந்து பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தது.